மாரமங்கலத்து முதல் ஓனர்

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன என்று சேலத்து டாக்டர் சொன்ன வருஷம்தான் நாங்கள் கார் வாங்கலாம் என்று நினைத்தோம். அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் கார் என்ற பேச்சே எழுந்ததில்லை. அப்பா பஸ் டிரைவர். வேலையில் இருந்த காலத்தில் பாதிக்கு மேல் ஏற்காடு மலைப்பாதையில்தான் ஓட்டினார். ஊரையே ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவருக்குச் சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்று தோன்றியதில்லை.

வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்குச் சேலம்தான் இறங்க வேண்டும். காலையில் போகும்போது எப்படியோ சமாளித்துவிடுவார். திரும்பி வரும்போதுதான் கஷ்டம். ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்பிய உடம்பில் நிற்கவும் தெம்பிருக்காது. அடிவாரம் தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொள்வார். நான் துண்டையும் பிளாஸ்டிக் பையையும் மடியில் தயாராக வைத்திருப்பேன். அவரைத் தெரியாத டிரைவர் அந்த ரூட்டில் கிடையாது. அவர் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டால் வண்டியை ஓரம்கட்டி நிறுத்திவிடுவார்கள். அதுதான் அவருக்கு வாந்தியைவிடப் பெரிய வேதனை.

"எனக்கோசரம் நிறுத்தாதீங்கப்பா. சனங்க காத்திருக்குது. எடுங்க, எடுங்க" என்பார், வாயைத் துடைத்துக்கொண்டே.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா முன்பே போய்விட்டாள். என் கல்யாணம் நிலைக்கவில்லை. நான் திரும்பி வந்து ஏற்காட்டிலேயே ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலையில் இருந்தேன். டிரைவிங் லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தேனே தவிர வண்டி ஓட்டிப் பழக்கமில்லை. ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, பாதி மேட்டில் அப்பா கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "பழைய வண்டி ஏதாச்சும் ஒண்ணு பாக்கலாமா கண்ணு? நீ ஓட்டிருவியா?" என்று கேட்டார். ஓட்டிவிடுவேன் என்றேன்.

பழைய கார் விற்கும் கடை சேலத்தில் பைபாஸ் ஓரமாக இருந்தது. டயாலிசிஸ் முடிந்த உடம்போடு போக முடியாது என்பதால் இடைப்பட்ட ஒரு நாளில் போனோம். அங்கேதான் அந்தச் சின்ன வெள்ளைக் காரைப் பார்த்தோம். கடைக்காரர் வாலிபர், வாய் ஓயாமல் பேசினார்.

"ரெண்டாவது ஓனருங்க சார். ஒரு கீறல் கிடையாது. ஆக்சிடென்ட் கிடையாது. கண்ணை மூடிட்டு எடுக்கலாம்."

அப்பா கண்ணை மூடவில்லை. கதவு ரப்பரைப் பிடித்து இழுத்து உள்ளே பெயின்ட் மாறியிருக்கிறதா என்று பார்த்தார். காலடி விரிப்பை என்னைத் தூக்கச் சொல்லி, அடியில் துரு இருக்கிறதா, தண்ணீர் நின்ற வாடை அடிக்கிறதா என்று குனிந்து மோந்து பார்த்தார். சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப் பார்க்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. இன்ஜினைப் போட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். உடம்பு முடியாமல் போன பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு கவனத்தை அன்றுதான் பார்த்தேன். வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அழைத்து வந்தது நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டி எங்கெங்கே சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்று கேட்டார். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஒர்க்ஷாப்புக்குப் போன் போட்டு விவரம் வாங்கினார். புதிதாக எடுத்து இரண்டு வருஷம் ஒழுங்காகச் சர்வீஸ் நடந்திருந்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை. அந்த இடைவெளியில் வண்டி ஓடியதாகவும் தெரியவில்லை. அப்புறம் சேலத்து ஜவுளி வியாபாரி ஒருவர் வாங்கி, அவர் பங்குக்கு நன்றாக ஓட்டியிருந்தார். முதல் ஓனரின் ஊர் மாரமங்கலம்.

"மாரமங்கலமா? நம்ம மலை வண்டி" என்றார் அப்பா, சொந்தக்காரரைக் கண்டுகொண்டவர் மாதிரி. பிறகு புருவத்தைச் சுருக்கினார். "ரெண்டு வருஷம் ஓட்டின வண்டியை எதுக்கு அத்தனை நாள் நிறுத்தி வெச்சிருந்தாரு?"

"மலைக்காரங்க சார். மழைக்காலம் வந்தா வெளிய எடுக்கமாட்டாங்க" என்றார் கடைக்காரர்.

"மழைக்காலம் ஒரு வருஷமா பேயுது?"

கடைக்காரர் சிரித்து மழுப்பினார். அப்பா விடவில்லை. பள்ளத்தில் விழுந்த வண்டியைத் தூக்கிச் சரிபண்ணி விற்பவர்கள் உண்டு, கேஸில் மாட்டி நின்ற வண்டி உண்டு, நிறுத்தி வைத்த காரணம் தெரியாமல் வண்டி எடுக்கக்கூடாது என்றார். முதல் ஓனரை நேரிலேயே பார்த்துக் கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று.

இரண்டு நாள் கழித்து மாரமங்கலம் பஸ் ஏறினோம். அன்று அப்பாவுக்கு உடம்பு ஓரளவு நன்றாக இருந்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். பழகிய ரோடு என்பதால் எந்த இடத்தில் மண் சரியும், எந்தத் திருப்பத்தில் எதிரே வண்டி வந்தால் பின்னால் எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஊரில் இறங்கி விசாரித்ததும் வழி காட்டினார்கள். காப்பித் தோட்டத்தை ஒட்டி, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறிக்கிடந்த சின்ன ஓட்டு வீடு. முன்னால் சிமெண்ட் களத்தில் காப்பிக் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதைக் காலால் துழாவிப் புரட்டிக்கொண்டிருந்தவர்தான் நாங்கள் தேடி வந்த ஆள். அறுபது வயதிருக்கும். நரைத்த தாடி.

நாங்கள் வந்த காரணத்தைச் சொன்னதும் அவர் கால் நின்றுவிட்டது.

"அந்த வண்டியா? இன்னும் ஓடிட்டிருக்குதுங்களா?" என்றார்.

களத்து ஓரத்தில் இருந்த பெஞ்சில் எங்களை உட்காரச் சொன்னார். அப்பாவின் வீங்கிய பாதங்களையும் கையில் ஊசி போட்டுத் தடித்திருந்த இடத்தையும் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு தலையணை கொண்டுவந்து முதுகுக்குக் கொடுத்தார்.

"வண்டியில ஒரு கோளாறும் இல்லீங்க. எங்கயும் மோதல, விழுகல. போலீஸ் கேஸ் ஒண்ணும் கிடையாது. எம்பட ஊட்டுக்காரி ஆசைப்பட்டானு, மிளகு நல்ல வெலை போன வருசம் எடுத்ததுங்க."

"அப்பறம் எதுக்குங்க அத்தன நாளு நிறுத்தி வெச்சிருந்தீங்க?" என்றார் அப்பா.

அவர் குனிந்து ஒரு பிடி காப்பிக் கொட்டையை அள்ளினார். கையிலிருந்த காப்பிக் கொட்டையைக் களத்தில் வீசினார்.

"ஒருநா விடியக்காலைல அவளுக்கு நெஞ்சு வலி வந்துருச்சுங்க. வேர்த்துக் கொட்டுது. வண்டியில கொண்டு போயிரலாம்னு சாவியப் போட்டா, ஸ்டார்ட் ஆகல. என்னென்னமோ பண்ணிப் பாத்தேன். தள்ளியும் பாத்தமுங்க. அசையல. எலி ஒயரக் கடிச்சு வெச்சிருந்திருக்குது, அது பின்னாலதான் தெரிஞ்சுது. வேற வண்டிக்கு எங்க போறது? ராத்திரி தங்கற பஸ்ஸு ஊருக்குள்ள நின்னுட்டிருந்துச்சு. ஓடிப்போயி அந்த டிரைவர எழுப்பினேன். அவரு ஒரு வார்த்தை கேக்கலீங்க. முகங்கூடக் கழுவல. கட்டில்ல போட்டு அவளத் தூக்கிட்டு வந்து பஸ்ல ஏத்துனோம். எடுத்தவரு எங்கயுமே நிறுத்தல. ஏற்காட்டுல ஸ்டாண்டுக்குள்ளயே போகாம நேரா மலை இறங்கிட்டாருங்க."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அப்பா என் கையைப் பிடித்தார். பிடி இறுகியது. அந்தக் கதை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் அதைக் கேட்காதவர்கள் குறைவு. டயம் ஆகும் முன்பே பஸ்ஸை எடுத்தது, வழியில் கை காட்டியவர்களை விட்டுவிட்டுப் போனது, ஸ்டாண்டில் காத்திருந்தவர்கள் கத்தியது, அதில் ஒருவர் எழுதிப்போட்ட புகாரால் மெமோ வந்து அப்பாவை மலையிலிருந்து எடுத்துச் சமவெளி ரூட்டில் போட்டது. மலை ரூட்டைப் பறித்ததில் அவருக்குத் துக்கம்தான். ஆனால் சொல்லி முடிக்கும்போது, "போகட்டும். ஒரு உசுரக் காப்பாத்திட்டு வாங்குன மெமோ" என்பார். அந்த ஒரு வரியை வைத்துத்தான் அவர் மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார்.

"அது நாந்தானுங்க!" என்று எழுந்து நின்றுவிட்டார் அப்பா. "அந்த டிரைவர் நாந்தானுங்க!"

பெரியவர் அப்பாவின் முகத்தையே உற்றுப் பார்த்தார். அப்பாவின் உடம்பு பாதியாகிவிட்டிருந்தது, நிறம் கறுத்துவிட்டிருந்தது. பெரியவருக்கு அடையாளம் பிடிபடக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு இரண்டு கையாலும் அப்பாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "டிரைவரண்ணா, டிரைவரண்ணா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்பா குழந்தை மாதிரி சிரித்தார். மாதக்கணக்கில் நான் பார்க்காத சிரிப்பு.

"அன்னிக்கி உங்க மூஞ்சியச் சரியாப் பாக்கலீங்க. ஒரே பனி. ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கி உட்டதும் பஸ்ஸ எடுக்க வேண்டியதாயிருச்சு. உள்ள எடுத்துட்டாங்க, பொழச்சுக்கும்னு கண்டக்டர் வந்து சொன்னான். அப்பறம் என்னைய ரூட்டு மாத்திட்டாங்க, இந்தப் பக்கமே வர முடியல. எங்கீங்க அம்மணி? தோட்டத்துக்குப் போயிருக்குதுங்களா? கூப்புடுங்க, பாத்துட்டுப் போறேன்."

பெரியவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எதற்கென்று அப்போது எனக்குப் புரியவில்லை. அவர் மறுபடி அப்பாவைப் பார்த்தார். கழுத்துப் பட்டன் வரை போட்ட சலவைச் சட்டையையும், நிற்க முடியாமல் பெஞ்சைப் பிடித்திருந்த கையையும் பார்த்திருக்க வேண்டும்.

"மக ஊட்டுக்குப் போயிருக்கறாங்க அண்ணா" என்றார். "பேத்தி பொறந்திருக்குது. வர நாளாகும்."

"அடடே. நல்லது, நல்லது" என்று அப்பா உட்கார்ந்தார்.

அவருக்கு மாத்திரை போட வேண்டிய நேரம். டயாலிசிஸ் நோயாளிக்குத் தண்ணீரும் அளவாகத்தான் கொடுக்க வேண்டும். அரை டம்ளர் போதும் என்று சொல்லி நானே உள்ளே போனேன். முன் அறையைத் தாண்டித்தான் சமையலறை. அந்த அறைச் சுவரில் ஒரு பெண்ணின் படம் மாட்டியிருந்தது. மாலை போட்டிருந்தது. அடியில் சின்ன சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. நெற்றியில் பெரிய பொட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்ட மாதிரி உதடு. நான் டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன்.

பின்னாலேயே அவர் வந்துவிட்டார்.

"சொல்லிராத கண்ணு" என்றார், குரலைத் தாழ்த்தி.

"எப்பங்க?"

"அன்னிக்கேதான். பாதி மலை கூட எறங்கல. என்ற மடியிலதான் தலைய வெச்சிருந்தா. மூச்சு நின்னு போச்சு. எனக்குத் தெரிஞ்சுருச்சு. கண்டக்டர் தம்பியும் வந்து கையப் புடிச்சுப் பாத்தாரு, அவருக்கும் தெரியும். டிரைவர்கிட்ட சொல்லட்டுமானு என்னையப் பாத்தாரு. வேண்டாம்னு தலைய ஆட்டுனேன்."

"எதுக்குங்க?"

"எப்படிச் சொல்றது கண்ணு? மனுசன் அப்படி ஓட்டிட்டிருக்கறாரு. சொன்னா நிறுத்திருவாரு. பஸ்ஸு ஓடிட்டிருந்த வரைக்கும் எனக்கு அவ உசுரோடதான் இருந்தா."

நான் தண்ணீரோடு களத்துக்குத் திரும்பினேன். வெளியே அப்பா காப்பிக் கொட்டை ஒன்றை எடுத்து நகத்தால் கீறி, நன்றாகக் காய்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரையைக் கொடுத்தேன்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் பெரியவர் கூடவே வந்தார். அப்பா வழியெல்லாம் அந்தக் காரைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டு வந்தார். ஒயர் மாற்றியது யார், அப்புறம் எப்போதாவது மக்கர் செய்ததா என்று. மாற்றியதும் உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது, ஆனால் அதில் ஏறி உட்கார மனம் வரவில்லை, ஒரு வருஷத்துக்கு மேல் சாக்குப் போட்டு மூடியே வைத்திருந்தேன் என்றார் பெரியவர். அப்பா தலையாட்டினார்.

"இருக்காதுங்களா. ஆபத்துக்கு ஒதவாத வண்டி மேல கோவம் இருக்கத்தான் செய்யும்" என்றார்.

எனக்கு அந்தக் காரே வேண்டாம் என்றிருந்தது. வேறு வண்டி பார்க்கலாம் என்று பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். உண்மைக் காரணத்தைச் சொல்ல முடியாததால் நான் சொன்ன காரணம் எதுவும் அவரிடம் நிற்கவில்லை. மெக்கானிக்கை வைத்து ஒயரிங் முழுவதும் பார்த்தாயிற்று, பேட்டரி புதிது, விசாரித்ததில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை, அப்புறம் என்ன என்றார். அவருக்கு அது தெரிந்த வண்டியாகிவிட்டது. கடைசியில் அதையே வாங்கினோம்.

முதல் தடவை மலை இறங்கியபோது அவர் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வந்தார். "ஆரன் அடி. செகண்ட் போடு. மேல ஏறி வர்ற வண்டிக்கு வழி உடு" என்று ஓயாத கட்டளை. போகப் போக அது குறைந்தது. சில வாரத்தில் நான் அவர் திருப்திக்கு ஓட்டப் பழகிவிட்டேன். திரும்பும்போது சீட்டைச் சாய்த்துவிட்டால் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுவார். வாந்தி நின்றது. அந்த வகையில் கார் செய்த உபகாரத்தை நான் மறக்கக்கூடாது.

டயாலிசிஸ் அறையில் பக்கத்துப் படுக்கைக்காரர்களிடமும் நர்ஸுகளிடமும் அவருக்குச் சொல்ல ஒரு புதுக் கதை கிடைத்துவிட்டது. பழைய கதைதான், முடிவு மட்டும் நீண்டுவிட்டது. "அந்தம்மா இப்ப பேத்தியப் பாக்கப் போயிருக்குது. நாங்க வர்ற காரே அவங்க காருதான்" என்பார். நர்ஸுகள் ஆச்சரியப்படுவார்கள். நான் எதையாவது சாக்கு வைத்து வெளியே போய்விடுவேன்.

பெரியவர் மாதம் ஒரு தடவையாவது எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். வெறுங்கையோடு வரமாட்டார். மிளகு கொண்டுவருவார், பலாப்பழம் கொண்டுவருவார். ஒரு தடவை தோட்டத்து ஆரஞ்சு கொண்டுவந்தார். அப்பா அதைச் சாப்பிடக்கூடாது. பொட்டாசியம் ஏறிவிடும் என்று டாக்டர் கண்டித்திருந்தார். அப்பா ஒரு பழத்தை உரித்து, சுளையை என்னிடம் கொடுத்துவிட்டு, தோலை மட்டும் கையில் வைத்து மோந்துகொண்டிருந்தார். இருவரும் பேசுவது மழை, மிளகு, ரோடு. ஒவ்வொரு தடவையும் அப்பா அம்மணியை ஏன் கூட்டிவரவில்லை என்று கேட்பார். பேத்தியை விட்டு வரமாட்டேன் என்கிறாள், பஸ்ஸில் வந்தால் தலை சுற்றுகிறது, முழங்கால் வலி என்று பெரியவர் ஏதேதோ சொல்வார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். சொல்லும்போது முற்றத்துச் செடியைப் பார்த்துக்கொண்டு சொல்வார்.

"நாமளே ஒருநா போயிட்டு வரலாம் கண்ணு. வண்டிதான் இருக்குதே" என்று அப்பா என்னை நச்சரித்தார். நான் லாட்ஜில் சீசன் கூட்டம் என்றேன், லீவு இல்லை என்றேன். இப்போது யோசித்தால் ஒன்று தோன்றுகிறது. ஒரு பழைய காருக்காக மாரமங்கலம் வரை போய் விசாரித்த மனிதர், மெமோ வாங்கிய அந்த வருஷத்தில், அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று ஏன் ஒருவரிடமும் விசாரிக்கவில்லை? அந்த ரூட்டில் ஓடிய சிநேகிதர்கள் நிறையப் பேர் அவருக்கு இருந்தார்கள். கேட்டிருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும். ஒருவேளை கேட்காமல் இருப்பதுதான் நல்லது என்று அவருக்குள் ஏதோ சொல்லியிருக்கலாம்.

மழை பிடித்திருந்த ஒரு சாயங்காலம் டயாலிசிஸ் முடிந்து ஏறிக்கொண்டிருந்தோம். அப்பா தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன். ஒரு வளைவுக்கு முன்னால், "மெதுவாப் போ கண்ணு" என்றார். வேகம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் குறைத்தேன். கண்ணாடியைக் கையால் துடைத்துவிட்டு வெளியே பார்த்தார். பாறையில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அன்னிக்கி எறங்கறப்ப, இந்த எடம் வரைக்கும் பின்னால மொனகற சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. இதத் தாண்டி ஒண்ணுமே கேக்கல. வலி நின்னுருச்சு போலன்னு நெனச்சுட்டேன்."

நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். வைப்பர் போய்ப் போய் வந்தது. அவர் நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாரா, சொல்லிவிடப் போகிறேன் என்று பயந்தாரா என்று இன்றுவரை தெரியாது. என்னால் திரும்பி அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த தடவை பெரியவர் வந்தபோது, உட்கார்ந்ததும் வழக்கம்போல ஏதோ காரணம் சொல்ல வாயெடுத்தார். "இல்லீங்க அண்ணா, அவளுக்கு..." என்று ஆரம்பிப்பதற்குள் அப்பா அவர் முழங்கையைத் தொட்டார்.

"இருக்கட்டுங்க. நீங்க வர்றீங்கல்ல. அது போதும்."

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் டீ போட உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது இருவரும் மிளகு விலையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அப்பா அந்தக் கதையை யாரிடமும் சொல்லி நான் கேட்கவில்லை. புதிதாக வந்த ஒரு நர்ஸ், "உங்க பஸ் கதையைச் சொல்லுங்க தாத்தா" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் மறந்து போச்சு சாமி" என்றார்.

அவர் போனது மார்கழிக் குளிரில். வீட்டில் இல்லை. டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே பிரஷர் இறங்கிவிட்டது. நான் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். போன் வந்து ஓடினேன். அவருடைய கண்ணாடியும் பல் செட்டும் ஒரு கவரில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். கவர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது போலத் தோன்றியது. அது என் கையின் சூடாகத்தான் இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி வேனில் அவரைக் கூட்டிக்கொண்டு மலை ஏறினேன். டிரைவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். பெரியவர் செய்தி கேட்டு மதியத்துக்குள் வந்து, எல்லாம் முடியும்வரை ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தார். காரை நான் மறந்தே போனேன். மூன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் அது சேலத்தில் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்பது ஞாபகம் வந்தது.

"தனியாப் போகாத அம்மணி. நானும் வாறேன்" என்றார் காரியத்துக்கு வந்திருந்த பெரியவர்.

இருவரும் பஸ்ஸில் இறங்கிப் போனோம். கார் தூசி படிந்து நின்றது. யாரோ கண்ணாடியில் விரலால் கோடு கிழித்திருந்தார்கள். நான் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். அவர் வெளியே நின்றுகொண்டே இருந்தார். நான் அவசரப்படுத்தவில்லை. ஒரு கையால் கூரையைத் தடவிக்கொண்டே பின்பக்கம் போய், திரும்பி வந்து, முன் கதவைத் திறந்து ஏறினார். விற்ற பிறகு அவர் அதில் உட்காருவது அதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டு வாசலில் நின்ற நாட்களில் ஒருநாளும் அவர் அதன் பக்கத்தில் போனதில்லை.

அடிவாரம் தாண்டினோம். மலை ஏறத் தொடங்கியதும், "வெள்ளை வேண்டாம்னுதான் சொன்னேன். செம்மண்ணு ரோட்டுல வெள்ளை நிக்குமா? அவ கேக்கல" என்றார்.

அவர் மனைவியைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் எப்படி இறந்தாள் என்பது மட்டும்தான். அன்றுதான் அவள் எப்படி இருந்தாள் என்று கேட்டேன். கார் வந்த புதிதில் பக்கத்து ஊர்ச் சந்தைக்கு அரிசி வாங்கக்கூட அதில்தான் போக வேண்டும் என்று அடம்பிடிப்பாளாம். முன் சீட்டில் உட்காரமாட்டாளாம், பின்னால் நடுவில் உட்கார்ந்தால்தான் கார்க்காரி மாதிரி இருக்கிறது என்பாளாம். கோழிக்குத் தீவனம் வாங்கி வரும்போதும் நல்ல சேலைதான் கட்டுவாளாம். சொல்லிக்கொண்டே வந்தவருக்கு நடுவில் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. நான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். வீட்டில் படுத்துக்கொண்டே, ரோட்டில் போகும் பஸ் எது, ஓட்டுகிறவர் யார் என்று சத்தத்தை வைத்துச் சொல்வார், பாதி நாள் தப்பாகத்தான் இருக்கும், ஒத்துக்கொள்ளமாட்டார் என்றேன்.

ஏற்காடு வந்ததும் ஸ்டாண்ட் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். அவருக்கு மாரமங்கலம் பஸ் இருந்தது. கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். இறங்கிக் கதவைச் சாத்தப் போனவர் குனிந்து என்னைப் பார்த்தார்.

"ஊட்டுல அடுப்புப் பத்த வெச்சியா கண்ணு?"

இல்லை என்றேன். மூன்று நாளாகப் பக்கத்து வீட்டிலிருந்து வந்ததைத்தான் கொறித்துக்கொண்டிருந்தேன். இனி யாருக்காக உப்பில்லாமல் சமைப்பது, யாருக்காகத் தண்ணீரை அளந்து வைப்பது என்று அடுப்படிக்குப் போகவே கால் எழவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

"வா" என்றார்.

ஸ்டாண்ட் எதிரே இருந்த மெஸ்ஸில் எதிரெதிரே உட்கார்ந்தோம். இலை போட்டுச் சோறு வைத்தார்கள். அவருக்குரிய பஸ் வந்து, நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போயிற்று. அவர் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று சொல்லி, எனக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார்.